வெறுங்கயிறு

நம் தெருவைப் பற்றி எழுதித் தா என்று மூன்று முறை சொல்லி அனுப்பிவிட்டீர்கள். ஸ்ரீவராகத்தில் என்னோடு பாண்டி ஆடியவர்கள், ஒரே குளத்தில் நீச்சல் பழகியவர்கள், இப்போது முட்டிவலியும் கண்புரையுமாக ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்திருக்கிறீர்கள். கண்ணை மூடுவதற்குள் ஆளுக்கு நாலு பக்கம் எழுதி ஒரே புத்தகமாகத் தைத்து வைக்க வேண்டும் என்று உங்களுக்கு ஆசை. இதுவரை வந்ததையெல்லாம் படித்தேன். ஒருத்தி கோயில் ஆறாட்டு யானையைப் பற்றி எழுதியிருக்கிறாள். ஒருத்தி சக்கைப் பிரதமன் பாயசத்தைப் பற்றி. இன்னொருத்தி அந்தக் காலத்து மனுஷர்களின் தங்கமான மனசைப் பற்றி. அந்த மூன்றாவதைப் படித்தபோது காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

எனக்கு அந்தத் தெரு என்றால் முதலில் காதில் விழுவது என் பெரியப்பா காலையில் வாய் கொப்பளிக்கும் சத்தம்தான். தொண்டைக்குள் கையை விட்டுக் குடைகிற மாதிரி ஒரு சத்தம். நாலு வீடு தள்ளிக் கேட்கும். அது முடிந்தால் ஸ்நானம், சந்தனம், ஜவ்வாது. அதற்குப் பிறகு அவரை யார் பார்த்தாலும் ஒரு நிமிஷம் கும்பிடத் தோன்றும். சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. மனைவியின் தங்கைகளைத் தன் வீட்டில் வைத்துக் காப்பாற்றியவர் என்று தெருவே அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது.

தங்கைகள் இரண்டு பேர். மூத்த தங்கை என் அம்மா. என்னைப் பெற்ற பதினோராம் நாள் ஜன்னி கண்டு போய்விட்டாள். கொல்லையில் மாட்டுத் தொழுவத்தை ஒட்டி ஓர் அறை இருந்ததே, ஜன்னல் இல்லாமல், தரையில் எப்போதும் ஈரம் கசிந்துகொண்டு, அங்கேதான் அவளைக் கிடத்தியிருந்தார்களாம். பிள்ளை பெறுவதும் அங்கே, மாதாமாதம் பெண்கள் தூரமாக உட்காருவதும் அங்கே. பசு கன்று போட்டால் மட்டும் தொழுவத்தைக் கழுவி வைக்கோல் மாற்றுவார்கள். அப்பா கொல்லத்தில் வேறு கல்யாணம் செய்துகொண்டு ஒதுங்கிவிட, நான் பெரியம்மா வீட்டில் வளர்ந்தேன்.

இளைய தங்கைதான் சித்தி. பதினேழு வயதில் தாலியை இழந்து அக்கா வீட்டுக்கு வந்தவள். நான் சொல்லப்போகிற வருஷம் அவளுக்கு இருபத்திரண்டு, எனக்கு ஒன்பது. அவள் தலையை மழிக்கக் கூடாது என்று பெரியப்பா சொல்லிவிட்டார். என்ன பரந்த மனசு என்று உங்கள் அப்பாக்களெல்லாம் மெச்சினார்கள். சித்தியின் முடி இடுப்புக்குக் கீழே தொங்கும். இப்போது நினைத்தால் அந்தப் பரந்த மனசு எதற்கு என்று தெரிகிறது.

சித்தியை உங்களுக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. வாசலுக்கு அதிகம் வரமாட்டாள். என் மரப்பாச்சிக்குத் தன் பழைய புடவைக் கிழிசலில் ஒன்பது புடவை தைத்துக் கொடுத்தவள் அவள்தான். ஒவ்வொன்றுக்கும் தலைப்பில் வேறு வேறு நூல். அந்த மரப்பாச்சியும் புடவைகளும் எங்கே போயின என்று தெரியவில்லை. என்னிடம் இருந்த பொருட்களிலேயே அதைத் தொலைத்ததற்கு மட்டும்தான் எனக்கு இன்னும் வருத்தம்.

அந்த மார்கழியில் பெரியம்மா சுசீந்திரம் தேருக்குப் போய்ப் பத்து நாள் தங்கிவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு தை வாக்கில், ஒருநாள் காலையில் அவள் கொல்லையில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி என்னிடம் சொன்னாள்.

"இன்னிக்கு அவ உட்கார்ந்துட்டாடி. சாதத்தை நீயே கொண்டு வச்சுடு. தொட்டுடாதே, கேட்டையா?"

நம் வீடுகளில் அதை யாரும் சத்தம் போட்டுச் சொன்னதில்லை. ஜாடை காட்டுவார்கள், அவ்வளவுதான். சொல்ல வேண்டிய அவசியமும் இருந்ததில்லை. எந்த வீட்டில் எவள் எந்தத் தேதியில் உட்கார்ந்தாள், நாள் தள்ளிப்போனதா, முந்தி வந்ததா என்பதெல்லாம் தெருவுக்கே மனப்பாடம். எங்கள் கொல்லை மதிலுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு மாமி. வெற்றிலை போட்ட வாயோடு, ஆட்டுக்கல்லின் மேல் ஏறி நின்று எட்டிப் பார்ப்பாள். மதிலுக்கு மேலே தலை மட்டும் தெரியும்.

"உன் தங்கைக்கு ஒரு வாரம் தள்ளிப்போச்சு போலிருக்கே?" என்றாள் அன்றைக்கு.

"ஆமா மாமி, ஒடம்பு சூடாக்கும்," என்றாள் பெரியம்மா.

அதிலிருந்து ஒவ்வொரு மாதமும் சித்தி சரியாக உட்கார்ந்தாள். பழைய கோரைப்பாய், அந்த நாளுக்கென்றே வைத்திருந்த நசுங்கிய செம்பு, மேலேயிருந்து போடுகிற சாதம், எதிலும் குறை இல்லை. நாலாம் நாள் குளத்துக்குப் போகாமல் கிணற்றடியிலேயே குளித்தாள். ஜலதோஷம் என்று காரணம் சொன்னார்கள்.

எனக்கு அந்த மூன்று நாட்கள் பண்டிகையாக இருந்தன. முன்பெல்லாம் அந்த நாட்களில் சித்தி என்னை வாசற்படியோடு நிறுத்திவிடுவாள். இப்போது பெரியம்மா உள்ளே போனதும், "வாடி, பக்கத்துல வா, ஒண்ணும் ஆகாது," என்று கூப்பிட்டு மடியில் படுக்க வைத்துக்கொள்வாள். தீட்டை மீறித் தொடுகிறோம், பாவம் வந்து ஒட்டிக்கொள்ளப் போகிறது என்று பயமாகவும் இருக்கும், எழுந்திருக்கவும் மனசு வராது. துணி உலர்த்துவதற்குத் தொழுவத்தின் பின்னால் தாழ்வாக ஒரு கயிறு கட்டியிருக்கும். அந்த நாட்களில் உபயோகிக்கிற துணியை அவரவர் துவைத்து அங்கே போட வேண்டும், வேறு யாரும் அந்தப் பக்கமே போகக் கூடாது. சித்தி என் மரப்பாச்சியின் புடவைகளை அலசிக் கொடுத்து, "அந்தக் கயித்துல காயப்போடு," என்றாள். ஒன்பது குட்டிப் புடவைகளை அந்தக் கயிற்றில் வரிசையாகப் போட்டுவிட்டுக் காவல் இருந்தேன்.

சித்திக்கு அப்போதெல்லாம் புளிப்புக்குத்தான் ஆசை. கொல்லை ஓரத்து மரத்திலிருந்து இலும்பிக்காய் பறித்து மடியில் கட்டிக்கொண்டு போவேன். உப்புக்கூட வேண்டாம் அவளுக்கு. கடித்துவிட்டு ஒரு கண்ணை மூடிக்கொள்வாள். ஒருநாள் மடியில் படுத்திருந்தபோது என் காதுக்குக் கீழே ஏதோ புரண்டது. திடுக்கிட்டு எழுந்தேன்.

"பசிக்கறதுடி. வயிறு பேசறது," என்றாள்.

"என்ன சொல்றது?"

"இலும்பிக்காய் எங்கேன்னு கேக்கறது."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதுகிறேனோ என்று தோன்றுகிறது.

ஆடி பிறந்து கர்க்கடக மழை பிடித்துக்கொண்டது. பின்னால் வயலெல்லாம் தண்ணீர், கொல்லையில் கணுக்கால் வரை சேறு, வீடு முழுவதும் பூசணம் பிடித்த வாடை. சித்தியின் பாதங்கள் வீங்கின. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். அது எனக்கு ஒரு விளையாட்டாக இருந்தது. முகம் ஊதி, கண்கள் சிறுத்துப்போயின. தலைவலி தாங்காமல் ஈரச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நிற்பாள். கண்ணுக்கு முன்னால் பொரி பறக்கிறது என்பாள்.

அடுக்களையில் அவள் பெரியம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியதை நான் கேட்டேன்.

"அக்கா, என்னைப் பெண் ஆஸ்பத்திரி வாசல்ல கொண்டு விட்டுடு. உள்ளே நானே போய்க்கறேன். யார் ஆத்துப் பொண்ணுன்னு சொல்ல மாட்டேன். திரும்பி வரவே மாட்டேன்."

"வண்டி வாசல்ல வந்து நின்னா தெருவே எட்டிப் பாக்கும்டி. எங்கே போறேள்னு கேட்டா நான் எந்து சொல்லட்டும்? அவர் நாளைக்குக் கச்சேரியில தலை நிமிந்து நடக்கண்டாமா?"

"நான் செத்துடுவேன் அக்கா."

பெரியம்மா மோரைச் சிலுப்பிக்கொண்டிருந்தாள். பெண்களுக்கென்று தனியாக சர்க்கார் ஆஸ்பத்திரி அந்தக் காலத்திலேயே நம் ஊரில் இருந்தது. மற்ற ஊர்க்காரர்களிடம் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். மாட்டு வண்டியில் அரை மணி நேரம். மனசுக்குள் நான் ஆயிரம் தடவை அந்த வண்டியைப் பூட்டிப் போயிருக்கிறேன்.

வண்டி வரவில்லை. வைத்தியர் வந்தார். வயல் தாண்டி அந்தப் பக்கத்திலிருந்து ஓலைக்குடை பிடித்துக்கொண்டு வருவாரே, நமக்கெல்லாம் வயிற்றுப்பூச்சி மருந்து கொடுத்தவர், பாதி மலையாளத்தில் பேசுவாரே, அவர்தான். கூடத்தில் பலகை போட்டு உட்கார வைத்தார்கள். பெரியப்பா ஊஞ்சலில் உட்கார்ந்து ஆடாமல் காலை ஊன்றிக்கொண்டிருந்தார். சித்தி அறைக்கதவுக்குப் பின்னால் நின்று, பட்டுத்துணி சுற்றிய கையை மட்டும் வெளியே நீட்டினாள். வைத்தியர் வெகு நேரம் நாடி பார்த்தார்.

"அம்மா, வயிறு ஒண்ணு பார்க்கணுமே," என்றார் பெரியம்மாவிடம்.

"அதெப்படி? விதந்துவாக்கும். ஆம்பளை முன்னால வர மாட்டா. நீர் கோத்துண்டிருக்கு, அவ்வளவுதான்."

"நீர்க்கோவைன்னா மகோதரம். அதுக்கு தினம் பேதி கொடுத்து நீரை இறக்கணும். கடுத்த மருந்தாணு. பட்சே வயிறு பெருகறதுக்கு வேறெயும் காரணம் உண்டில்லே சாமி?" அவர் பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா உத்தரத்தைப் பார்த்தார். "அப்படி ஏதாவது இருந்தா, இந்த மருந்து உள்ளே போனா தாயும் போகும், பிள்ளையும் போகும். அதுகொண்டு கேக்கறேன், தப்பா நினைக்கப் பிடாது. மாசமுறை உண்டோ?"

"ஒரு மாசம் தப்பல்லை," என்றாள் பெரியம்மா. குரல் ஒரு பிசிறு இல்லாமல் வந்தது. "வேணும்னா இந்தக் கொழந்தையைக் கேளுங்கோ. அவதானே சாதம் கொண்டு குடுக்கறா."

வைத்தியர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். அவர் மேல்துண்டில் கஷாய மணம். கண்கள் நல்ல கண்கள், அதை நான் மறுக்க மாட்டேன்.

"மோளே, கள்ளம் சொல்லப் பிடாது. சித்தி மாசாமாசம் தனியா மாறி இருக்காளோ? நீ கண்ணாலே கண்டதோ?"

சித்தியைத் தொட்டது, மடியில் படுத்தது, கயிற்றில் பொம்மைத் துணி போட்டது எல்லாம் வெளியே வந்துவிடப்போகிறது என்று எனக்குப் பயம். அதற்காகவே ஒன்றுக்கு இரண்டாகச் சத்தியம் செய்தேன்.

"பாத்தேன். மூணு நாளும் தனியாத்தான் உட்கார்ந்திருந்தா. எல்லா மாசமும். போன மாசம்கூட. நான் தொடவே இல்லை, சாதத்தை மேலேருந்துதான் போட்டேன். ஸ்வாமி சத்தியமா."

கதவிடுக்கில் சித்தியின் வீங்கிய பாதம் தெரிந்தது. கட்டைவிரல் ஒரு தடவை தரையில் அழுந்தியது. அவள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லிவிட்டு எந்த வீட்டுக்குப் போவாள்? உங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் கதவைத் திறந்திருப்பார்களா?

"குட்டிகள் கள்ளம் சொல்லாது," என்று வைத்தியர் பெருமூச்சு விட்டார். மருந்தை அனுப்புவதாகச் சொல்லிவிட்டு எழுந்தார். பெரியப்பாவின் ஊஞ்சல் அப்போதுதான் ஆட ஆரம்பித்தது.

மருந்து ஒரு கரிய சட்டியில் வந்தது. ஆமணக்கெண்ணெயும் வேறு ஏதோ கசப்பும் கலந்த வாடை. இன்றைக்கும் ஆமணக்கெண்ணெய் பாட்டிலைத் திறக்கிற வீட்டில் நான் உட்கார மாட்டேன். முதல் நாள் சித்தி அதை வாங்கிக்கொண்டு கொல்லைக்குப் போய் வாழைமரத்தடியில் கொட்டினாள். இரண்டாம் நாளும் கொட்டினாள். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும், கிண்ணத்தை அலசிக்கொண்டே, "நீ சமத்தோல்லியோ? சொல்லாதே," என்றாள்.

"நான் வைத்தியர்கிட்டே தப்பா சொல்லிட்டேனா சித்தி?"

"நீ என்னடி பண்ணுவே? பாத்ததைத்தானே சொன்னே." என் தலையைக் கோதிவிட்டாள். "மழை விட்டதும் ரெண்டு பேருமா ஆஸ்பத்திரிக்கு நடந்தே போயிடலாம். நோக்கு வழி தெரியுமோ?"

தெரியும் என்று தலையாட்டினேன். தெரியாது. கேட்டுக் கேட்டுப் போய்விடலாம் என்று நினைத்தேன்.

மழை விடவில்லை. மூன்றாம் நாள் வாழையடியில் அந்த வாடையைப் பெரியம்மா கண்டுபிடித்துவிட்டாள். அதற்குப் பிறகு அவளே கிண்ணத்தை நீட்டி, தொண்டைக்குள் இறங்குகிற வரைக்கும் எதிரில் நின்றாள். மூன்று வேளை குடிக்க வைத்தாள். பெரியப்பா வழக்கம்போல வாய் கொப்பளித்து, சந்தனம் இட்டுக்கொண்டு, குடை எடுத்துக்கொண்டு கச்சேரிக்குப் போனார்.

மறுநாள் மத்தியானம் என்னை உங்களில் ஒருத்தி வீட்டுக்குப் பல்லாங்குழி ஆட அனுப்பினார்கள். யார் வீடு என்று சொல்ல மாட்டேன். நாலாவது ஆட்டத்தில் எங்கள் கொல்லைப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. அவள் அம்மா எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள். "மாடு கத்தறது. நீங்க ஆடுங்கோ," என்றாள். நாங்கள் ஆடினோம். எனக்கு அன்றைக்குப் பார்த்து நிறையச் சோழி விழுந்தது.

திரும்பி வந்தபோது தொழுவத்து அறையைச் சாணி போட்டு மெழுகியிருந்தார்கள். மஞ்சள் தண்ணீர் வாய்க்காலில் ஓடியது. மஞ்சளும் சாணியும் எவ்வளவு கரைத்தாலும் அடியில் வேறொரு வாடை இருந்தது. சித்தியைக் கூடத்தில் வெள்ளைத்துணி போர்த்திக் கிடத்தியிருந்தார்கள். வயிறு வற்றியிருந்தது. மகோதரம் என்று வந்தவர்களிடமெல்லாம் பெரியம்மா சொன்னாள். மகோதரம், பாவம், மகோதரம் என்று உங்கள் அம்மாக்கள் ஒருத்தர் பின் ஒருத்தராகச் சொல்லிவிட்டுப் போனார்கள். பிரசவத்தில் போனவளுக்குச் செய்ய வேண்டிய சாந்திகள் தனி. அதைச் செய்தால் தெரிந்துவிடும் என்பதால் அதுவும் அவளுக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பிள்ளையை எங்கே புதைத்தார்கள் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. வாழைமரத்தடி மண் மட்டும் புதிதாகக் கிளறியிருந்தது.

பதிமூன்றாம் நாள் காரியம் முடிந்து வைத்தியர் வந்தார். உள்ளே வரவில்லை. நான் வாசலில் கோலமாவு டப்பாவோடு நின்றிருந்தேன்.

"மோளே, ஒரு காரியம் கேக்கட்டே. அந்த மூணு நாளும் சித்தி துணி துவைச்சு எங்கே உலர்த்துவா?"

"தொழுவத்துக்குப் பின்னாலே கயிறு இருக்கு."

"இந்த அஞ்சாறு மாசமும் அதிலே துணி கண்டோ?"

யோசித்தேன். "என் பொம்மைப் புடவைதான் இருந்தது," என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அப்புறம் குடையை விரிக்க மறந்து மழையில் நடந்து போனார். அதற்குப் பிறகு நம் தெருவில் காலெடுத்து வைக்கவில்லை. பெரியப்பா வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தபோது மூன்று முறை ஆள் அனுப்பியும் வரவில்லை. அவர் நல்லவர். ஆனால் அந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

யாரால் என்று இதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும். பெரியம்மாவே கடைசிக் காலத்தில் என்னிடம் சொன்னாள். "மார்கழியில நான் சுசீந்திரம் போயிருக்கப்பிடாது," என்றாள், கதவைத் தாழ்ப்பாள் போட மறந்ததைச் சொல்கிற குரலில். அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த கரண்டியைக் கிண்ணத்திலேயே போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இன்னும் ஒன்று பாக்கி. பதிமூன்று வயதில் நான் பெரியவளானேன். அதே அறை, அதே கோரைப்பாய், அதே நசுங்கிய செம்பு. மூன்றாம் நாள் என் துணியை நானே துவைத்துத் தொழுவத்துக்குப் பின்னால் கொண்டுபோனேன். அந்தக் கயிற்றில் முதல் துணியைப் போட்டபோதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. நின்ற இடத்திலேயே வாந்தி எடுத்தேன். நிமிர்ந்தால் மதிலுக்கு மேலே பக்கத்து வீட்டு மாமியின் தலை. வெற்றிலைச் சிரிப்பு.

"மூணு துணியா? நன்னாருக்கு, நன்னாருக்கு. எங்கே நின்னாலும் இந்தக் கயிறுதான் என் கண்ணுல படும், கேட்டையா," என்றாள்.

"மாமி," என்றேன். "சித்தி செத்துப்போன வருஷம் ஆறு மாசம் இந்தக் கயித்துல அவ துணி ஒண்ணுகூட இல்லையே. அது கண்ணுல படலையா?"

சிரிப்பு நின்றது. வாயில் இருந்ததை விழுங்கினாள். தலை மதிலுக்குக் கீழே இறங்கிவிட்டது.

தங்கமான மனசு என்று எழுதியவளே, அந்த மாமி உன் அம்மா. அவளுக்குத் தெரிந்திருந்தது. அவளுக்குத் தெரிந்தால் தெருவுக்கே தெரிந்த மாதிரிதான். மாடு கத்துகிறது என்று ஜன்னலைச் சாத்தியவளுக்கும் தெரியும், மகோதரம் என்று சொல்லிவிட்டுப் போனவர்களுக்கும் தெரியும். அந்தத் தெருவில் தெரியாதவள் நான் ஒருத்திதான். அதனால்தான் சாட்சி சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள்.